ரத்தம் சாய்ந்த பக்கம்

கரும்பொத்தை ஊரில் எடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற வருஷத்தில், மழை வழக்கம்போலப் பொய்த்தது, முருங்கை வழக்கம்போலக் காய்த்துத் தள்ளியது, தவசிப்பிள்ளை திரிகூடம் இனிமேல் தமக்கு ஆச்சரியப்பட ஒன்றும் பாக்கியில்லை என்ற களைப்போடு கல்யாண வீடு கல்யாண வீடாக அண்டா கிளறிக்கொண்டிருந்தார்.

தவசிப்பிள்ளை என்றால் தவம் செய்கிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக் கும்பிட்டுவிடுவதுண்டு. தென்பக்கத்துச் சைவ வீடுகளில் சமையல்காரருக்கு அதுதான் பெயர். அடுப்புப் புகையில் அரை ஆயுள் நிற்பதும் ஒரு தவம்தானே என்று எந்தக் காலத்திலோ ஒரு புலவன் சாப்பிட்ட கையோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டிருந்தால் அவன் சமைத்தவனாக இருக்க முடியாது.

கார்த்திகையிலிருந்தே ஊரில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பதிகம் பாடிக்கொண்டிருந்த ஓதுவார் பாட்டு உச்சத்தில் இருக்கும்போதே சுருண்டு விழுந்தார். வாயில் விசிலோடு கண்டக்டர் விழுந்தார், பஸ் அவரை விட்டுவிட்டு அடுத்த ஊர்வரை போய்விட்டது. கோயில் தர்மகர்த்தா ஆவுடைநாயகத்தின் பேத்தி உமையாள் தான் போட்டுக்கொண்டிருந்த கோலத்தின் மேலேயே விழுந்து கை கால் வெட்டி இழுத்து, எழுந்தபோது தன் பெயரை மறந்திருந்தாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அது திரும்பி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைகளைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பன்றியிலிருந்து வருகிற நாடாப்புழுவின் முட்டை சாப்பாட்டோடு உள்ளே போய், ரத்தத்தோடு ஓடி, மூளையில் குடியேறியிருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் பூண்டுகூடச் சேர்க்காத நாலு ரதவீதிக்காரர்களின் தலைக்குள் பன்றிப் புழு. நோயைவிட நோயின் ஜாதகம்தான் ஊருக்கு வலித்தது.

ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் பன்றி வளர்க்கிறவள் முப்பிடாதி, அவளும் அவள் தம்பிமார் வீடுகளும். எல்லாக் கண்ணும் அங்கே போனது. உடனே போய்ப் பன்றிப் பட்டியைப் பிரித்து எறிந்து அவர்களையும் கிளப்பிவிட வேண்டும் என்று இளவட்டங்கள் குதித்தபோது ஆவுடைநாயகம்தான் கை அமர்த்தினார். அவர் எதையும் முறைப்படி செய்கிறவர். பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்கும் நல்ல நேரம் பார்க்கிறவர்.

"சர்க்கார் வந்து மனுஷனுக்கும் மிருகத்துக்கும் ரத்தம் எடுக்கட்டும். எதுலருந்து எதுக்குப் போச்சுன்னு ரத்தம் சொல்லட்டும். சொல்லிட்டுன்னா, தை பிறந்ததும் பட்டி இருக்காது" என்றார்.

ரத்தம் எடுக்க வந்தவள் தங்கபுஷ்பம். சுகாதார நிலையத்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வீடு நாசரேத் பக்கம், மாற்றல் கேட்டுக் கேட்டு அலுத்தவள். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு ரதவீதிகளுக்கெல்லாம் எடுத்தாள், ஓடைக்கரைக்கும் எடுத்தாள், மாட்டு டாக்டர் பன்றிகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றையும் மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகி வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது ரத்தம் சாய்ந்திருந்தது. குழாய்கள் செங்குத்தாகத்தான் நின்றன. உள்ளே இருந்த ரத்தம் மட்டும், கூரைச் சரிவு மாதிரி, கிழக்குப் பக்கம் உயர்ந்து மேற்குப் பக்கம் தாழ்ந்து, யாரையோ எட்டிப் பார்க்கிற பாவனையில் நின்றது. மேசைக்காலின் கீழ் அட்டையை மடித்து வைத்தாள். மேசைதான் ஆடியது, ரத்தம் அப்படியே நின்றது. சட்டத்தைத் திருப்பி வைத்தாள். ரத்தம் தானும் திரும்பிக்கொண்டு மறுபடி கிழக்கைப் பார்த்தது. ஆடு மாடுகளின் ரத்தம் யோக்கியமாக மட்டமாக இருந்தது. ஓடைக்கரைக் குடும்பங்களின் ரத்தமும் மட்டமாக இருந்தது. வலிப்பு வந்தவர்களுடையதும் வரப்போகிறவர்களுடையதும்தான் சாய்ந்தது, அதோடு பன்றிகளுடையதும். தங்கபுஷ்பம் பெருமூச்சு விட்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்து, முதலில் சாப்பிட்டு முடித்தாள்.

கிழக்கு என்றால் ஓடைக்கரை. அதற்கு மேல் ஊருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் ரத்தம் மேற்கே சாய்ந்தது, மத்தியானம் தெற்கே சாய்ந்தது, சாயங்காலம் கோயிலைப் பார்த்துச் சாய்ந்தது. பன்றி மேயப் போயிருக்கும் என்று ஒரு கட்சி சொன்னது. கோயிலுக்குள் எப்படி மேயும் என்று இன்னொரு கட்சி கேட்டது. இரண்டு கட்சிக்கும் டீக்கடையில் கணக்கு ஏறியது. ஒரு வாரத்துக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஜனங்கள் காலையில் பள்ளிக்கூடம் வந்து தங்கள் ரத்தம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். தங்கள் வீட்டு ரத்தம் பக்கத்து வீட்டு ரத்தத்தைவிடக் குறைவாகச் சாய்கிறது என்று வடக்கு ரதவீதியில் ஒரு மனஸ்தாபம் உண்டானது. ஜாதகம் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் குழாயையும் ஒரு பார்வை பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். வாஸ்து பார்க்கிறவர் இரண்டு வீடுகளில் வாசலை மாற்ற வைத்தார், ரத்தம் திசை மாறியதும் ஒரு வீட்டில் மறுபடி மாற்ற வைத்தார். அறிவியல் வாத்தியார் பூமிக்குள் இருக்கிற காந்தத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய சொந்த ரத்தமே பாதி விளக்கத்தில் வடக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பிவிட்டது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மருத்துவ விடுப்பில் போனார். யாரோ மரச்சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தங்கபுஷ்பம் தினமும் அதைத் துடைத்தாள், தினமும் வைத்தார்கள். கடைசியில் துடைப்பதை அவள்தான் விட்டாள்.

பார்க்க வராதவர் திரிகூடம் பிள்ளை ஒருவர்தான். பந்தி இருக்கிறது என்று சொல்லி ரத்தமும் கொடுக்கவில்லை. முதல் நாள் மத்தியானம், ரத்தம் முதன்முதலாகக் கிழக்கே எட்டிப் பார்த்த நேரத்தில், தாம் எங்கே உட்கார்ந்து என்ன தின்றுகொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் காலை மேற்கே வாழைத்தோப்பில் இலைக்குச் சொல்லப் போனதும், மத்தியானம் தெற்குத் தெருவில் சீமந்தத்துக்கு அடுப்பு போட்டதும், சாயங்காலம் பிரதோஷத்துக்குப் போனதும் தெரியும்.

சமையல்காரன் தான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை. நெய்யும் பெருங்காயமும் மூக்கு வழியாகவே போய் வயிற்றை நிரப்பிவிடும், ஆயிரம் பேர் விரலை நக்குகிற சாம்பாரில் அவனுக்கு ஒரு கவளம் இறங்காது. பிள்ளை விருந்துகளிலிருந்து பட்டினியாகவே வீடு திரும்புகிறவராக இருந்தார். சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில், பன்றிகளுக்கு எச்சில் இலை வாரிப்போக வந்த முப்பிடாதி தன் மத்தியானச் சட்டியை வேப்பமரத்தடியில் திறந்தாள். அந்த வாசனை வந்து பிள்ளையின் தோளைத் தட்டியது. என்ன கறி என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு விருந்தும் முடிந்த மறுநாள் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்தார்.

அங்கே போயும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. காயை முக்கால் பதத்தில் இறக்கிவிட வேண்டும், மீதிக் காலைப் பாத்திரத்துச் சூடு பார்த்துக்கொள்ளும் என்பது அவர் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக நம்பின சூத்திரம்.

"இப்படி நார் நாராப் போகவிட்டுட்டியே முப்பிடாதி. முக்காலுல இறக்கு."

"இது கத்திரிக்கா இல்ல ஐயா."

"பக்குவம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நீ எனக்குச் சொல்லித் தராத."

அவள் சிரித்துக்கொண்டே அவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் முன்னதாக எடுத்து வைத்தாள். மீதி அவள் குடும்பத்துக்கு, அவள் வழக்கப்படி எலும்பு கழலுகிறவரை கொதித்தது. பிள்ளை கண்ணை மூடித் தின்றார். பதம் என்றார்.

மார்கழியில் கல்யாணம் கூடாது என்றாலும், மாசக் கடைசியில் வந்த ஆவுடைநாயகத்தின் அறுபதாம் கல்யாணத்தைச் சோதிடர் ஒரு சமாதானம் சொல்லி நடத்தி வைத்தார். அன்று காலை மண்டபத்துச் சமையலறையில் பிள்ளை அவியலுக்குத் தேங்காய் அரைபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கபுஷ்பம் மரச்சட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். வழி பார்த்து வரவில்லை, சட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் அந்த அண்டா பக்கம் போங்க."

போனார்.

"இப்ப ஜன்னல் பக்கம்."

போனார். நாற்பது ஐம்பது குழாய்களிலும் ரத்தம் ஒருசேரத் தலையைத் திருப்பியது. தங்கபுஷ்பம் தேங்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நெனச்சேன். மனுஷ ரத்தமும் உங்களைப் பாக்குது, பன்னி ரத்தமும் உங்களையே பாக்குது. வேகாத பன்னிக்கறியில வருத புழு உங்க வயித்துல இருக்கு அண்ணாச்சி. முட்டை உங்க கையில. உங்க கை பட்டது எல்லார் இலையிலயும் விழுது, அந்த இலை பன்னிக்குப் போவுது."

"நான் சைவம்மா."

"ரத்தம் அப்படிச் சொல்லல. சமைக்கதுக்கு முன்னால சோப்புப் போட்டுக் கை கழுவுவீங்களா?"

பிள்ளைக்கு முகம் சிவந்தது. "சோப்புல மாட்டுக் கொழுப்பு இருக்கும்மா. என் அடுப்படியில சோப்பு நுழைஞ்சதே கிடையாது."

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. தெம்பில்லை போலிருக்கிறது. கைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள். "இத முழுங்குங்க. புழு கரைஞ்சு போயிடும். அதுவரைக்கும் அடுப்புப் பக்கம் போகாதீங்க."

"முழுங்கினா இந்தக் குழாயெல்லாம்?"

"மட்டமாயிரும்னு நெனைக்கேன். எனக்கென்ன தெரியும்? நான் படிச்சப்ப இதெல்லாம் சொல்லித் தரல."

பிள்ளை மாத்திரையை வாங்கி வேட்டி மடியில் செருகினார். அதற்குள் சட்டத்தின் பின்னாலேயே வந்த கூட்டம் சமையலறை வாசலை அடைத்துவிட்டது. முன்னால் மாலையும் கழுத்துமாக ஆவுடைநாயகம். அவர் குழாய்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை கால் மாற்றி நின்றார், ரத்தம் அவரோடு சேர்ந்து கால் மாற்றி நின்றது. ஆட்டுக்கல் நின்றுவிட்டது. அவியல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. பிள்ளையின் வாழ்நாளில் அப்படி ஒரு வாசனை வந்து அவர் திரும்பாமல் நின்றது அன்றுதான்.

தம் பெயர் போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது போகிறபோது ஓடைக்கரையாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது. 

"வே, ஆவுடைநாயகம். பன்னி மேல குத்தமில்ல. நான்தான் அங்க போய்ப் பன்னிக்கறி தின்னேன். வேகாம தின்னேன். அதுதான் எல்லார் தலைக்குள்ளயும் ஏறியிருக்கு."

 ஆவுடைநாயகத்தின் கண்களில் நீர் கோத்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"பாத்தீங்களாவே? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொன்னது வாய் வார்த்தைன்னு இருந்தோமே! இவரு கை உப்பு நம்ம ரத்தத்துல கெடந்து அவர வணங்குது. அவரானா, ஊர்ப் பழிய, ஓடைக்கரைக்காரன் பழிய எல்லாம் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாரு. சைவப் பிள்ள வாயில என்ன வார்த்த வருது பாருங்க, நமக்காக!"

"உண்மையாத்தான்வே சொல்லுதேன்."

"அடியார் குணம் அதுதான்!" என்று ஓதுவார் தழுதழுத்தார்.

"பன்னி ரத்தமும் வணங்குதே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதுவும் இவரு சமைச்ச இலையத் தின்னதுதானல? பன்னிக்கு இருக்க நன்றி உனக்கு இல்லயே மூதி!" என்று ஆவுடைநாயகம் அதட்டினார்.

ஓடைக்கரைக்காரர்களின் ரத்தம் ஏன் மட்டமாக நிற்கிறது என்பதற்கும் அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது. அவர்கள் பிள்ளையின் சோற்றைச் சாப்பிட்டதில்லை, அவர்களை எந்தப் பந்தியிலும் யாரும் உட்கார வைத்ததில்லை. நன்றி எங்கேயிருந்து வரும்? நன்றியுள்ள மிருகத்தைக் கொல்வது பாவம் என்று பட்டியைப் பிரிக்கிற பேச்சு கைவிடப்பட்டது. ஆவுடைநாயகம் மாலையைக் கழற்றிப் பிள்ளையின் சாரணிக் கரண்டிக்குப் போட்டார். தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். அவளைச் சமையலறைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்ப் பாயசம் கொடுத்தார்கள். அவள் அதை யாரும் பார்க்காதபோது தொட்டியில் ஊற்றினாள்.

இப்படியாகத் திரிகூடம் பிள்ளை பொய்யனாகாமலே புனிதரானார். உண்மை சொன்னவர்களில் ரொம்பப் பேருக்கு இந்த அவமானம் வாய்ப்பதில்லை. தெருவில் நடந்தால் கைக்குழந்தையின் நாக்கில் அவர் விரலால் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்லி நீட்டினார்கள். அவர் விரலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். அடக்கம் என்றார்கள். சோப்பு வாங்கப் போனார், கடைக்காரர் சோப்பைக் கொடுக்கவில்லை, இந்தக் கையைப் போய்க் கழுவுவதா என்று அழுதார். தைப்பொங்கலுக்கு மறுநாள் ஊர் முழுக்க ஒரே பந்தி, உப்புப் போட்ட கைக்கு நன்றிப் பந்தி, சமையல் அவரேதான் என்று தீர்மானமாயிற்று.

மாத்திரை மடியிலேயே கிடந்தது. விழுங்கினால் புழு போகும். புழு போனால் ரத்தம் அவரை விட்டுவிடும். ரத்தம் விட்டுவிட்டால் ஊர் மறுபடி கிழக்கைப் பார்க்கும். விழுங்காவிட்டால் நன்றிப் பந்தியில் ஊரே அவர் கையைத் தின்னும். முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் அவர் போகி அன்று காலை ஓடைக்கரைக்குப் போனார். பசியில்லை. சும்மா உட்கார்ந்தார்.

முப்பிடாதி தவிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க சாமி. இப்பம் சாமின்னு கூப்பிடணுமாமே?"

"கேலி பண்ணாத. நீயும் நம்பலியா நான் சொன்னத?"

"நான் நம்பாம? வேகாதத எடுத்து வச்சவளே நான்தானே." கையை உதறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ரத்தம் எடுக்குத அம்மா வந்து எல்லாம் சொல்லிச்சு. மாத்திர எங்க?"

எடுத்துக் காட்டினார். விழுங்கினால் அவளுக்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குட்டி வந்து அவள் முழங்காலை முட்டியது, அதன் காதைச் சொறிந்து விட்டாள்.

"எனக்காவயா முழுங்காம வச்சிருக்கீய?"

"ஆமா."

"நல்லாருக்கு. தருமகர்த்தா பேத்தி இன்னைக்கு விடிய மறுபடியும் விழுந்திட்டாம். இந்தத் தடவ நாக்கக் கடிச்சிக்கிட்டாளாம். அது எனக்காவயா?" அவள் குரல் உயரவில்லை. "எங்களுக்கு எடம் இது இல்லன்னா இன்னொரு ஓட. எத்தன ஓடையப் பாத்தாச்சு. பன்னி போனா வேற பன்னி. முழுங்குங்க முதல்ல."

"பட்டியப் பிரிச்சிருவான் முப்பிடாதி."

"பிரிக்கட்டும். நீங்க முழுங்காம இருந்தா மட்டும் எங்களப் பந்தியில உக்கார வைக்கப் போறானா?"

பிள்ளை தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரையை விழுங்கினார். அது தொண்டையில் நின்று, யோசித்து, இறங்கியது. பொங்கல் அன்று அவர் கொல்லைப்பக்கம் போய் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். ரொம்ப நாள் கூட இருந்த யாரோ ஊரை விட்டுப் போனது மாதிரி வயிறு வெறிச்சென்று இருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் பள்ளிக்கூட வராந்தாவில் எல்லா ரத்தமும் மட்டமாகக் கிடந்தது. சட்டத்தை அசைத்தார்கள், தேவாரம் பாடினார்கள், பிள்ளையின் பழைய துண்டை எடுத்துவந்து எதிரே ஆட்டினார்கள். ரத்தம் அசையவில்லை. சாதாரண ரத்தமாக, யார் பக்கமும் சேராமல், குழாயின் அடியில் கிடந்தது. ஊருக்கு முதலில் வந்தது துக்கம். நம்ம ரத்தத்தில் நன்றி செத்துப்போச்சே என்று பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். துக்கம் வெயில் ஏற ஏறக் கோபமாயிற்று. போகி அன்று பிள்ளை ஓடைக்கரையிலிருந்து வந்ததைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவள்தான் என்னமோ மருந்து வைத்து நன்றியை உறிஞ்சிவிட்டாள் என்று முடிவாயிற்று. கடப்பாரையும் மண்வெட்டியும் சேர்ந்தன. ஒரு டிராக்டர் சேர்ந்தது. ஆவுடைநாயகம், சூலம் இன்று கிழக்கேதான் இருக்கிறது, கொஞ்சம் தயிர் வாயில் விட்டுக்கொண்டு கிளம்புங்கள் என்றார்.

டிராக்டர் சத்தம் முதலில் கேட்டது பிள்ளைக்குத்தான். அவர் அன்று பந்திச் சமையலுக்குப் போகவில்லை. விடிந்ததும் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, நேரே ஓடைக்கரைக்கு வந்து, பசிக்கிறது என்று சொல்லியிருந்தார். உண்மையாகவே பசித்தது. முப்பிடாதி பட்டி வாசலுக்குக் குறுக்கே ஒரு சாக்கை விரித்து அவரை உட்கார வைத்தாள். அங்கேதான் நிழல் இருந்தது. இலை போட்டாள். கறி நார் நாராக வெந்திருந்தது. அவர் வாயைத் திறந்தார், அவள் முறைத்தாள், அவர் திறந்த வாயில் சோற்றை வைத்தார்.

ஊர் வந்து சேர்ந்தபோது அவர் இரண்டாவது கவளத்தில் இருந்தார். கூட்டம் பார்த்தது. நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் ருத்திராட்சம், இலையில் பன்றிக்கறி, அதில் அவர் கை. இந்தத் தடவை யாராலும் அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. ஓதுவார் ஓடைப் பக்கம் போய்க் குமட்டினார். அந்தக் கையால் சாப்பிட்ட கல்யாணங்களையெல்லாம் ஒவ்வொருவரும் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார்கள், எண்ணி முடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கரும்பொத்தையில் எந்த வீட்டு அடுப்புக்கும் பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை. இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் சாப்பிட்டார்.

"தூக்கு அவர! பிரில பட்டிய!" என்று ஒருவன் கடப்பாரையோடு பாய்ந்தான்.

"நில்லுல!" என்று ஆவுடைநாயகம் கத்தினார். கத்தியது அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இலையில உக்காந்தவன எழுப்பக் கூடாது. சோத்துல கை வச்சவன் முன்னால ஆயுதம் எடுக்கக் கூடாது. எந்தச் சோறா இருந்தாலும்தான். முறைன்னா முறை. அவரு சாப்பிட்டு எந்திரிக்கட்டும்."

பிள்ளை தலை நிமிரவில்லை. கேட்டுக்கொண்டார். சோற்றைப் பிசைவதில் வேகத்தைக் குறைத்தார். ஆயிரம் பந்திகளின் பின்னால் நின்று, ஆட்கள் எப்படி எப்படியெல்லாம் சாப்பிடுவார்கள் என்று பார்த்தவர். கடைசிப் பந்தியில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிற கிழவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு பருக்கையை இந்தப் பக்கம் ஒதுக்கினார், யோசித்து அந்தப் பக்கம் ஒதுக்கினார். எலும்பை உறிஞ்சி, பார்த்து, மறுபடி உறிஞ்சினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு முப்பிடாதி."

போட்டாள். அந்தச் சோறும் போய், இன்னொரு உலை வைத்தாள். அவள் தம்பி பெண்டாட்டி விறகு கொண்டுவந்தாள். டிராக்டர்காரன் டீசல் வீணாகிறதென்று எந்திரத்தை நிறுத்தினான். நிழல் சுருங்கியது. ஊரில் அன்று யார் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கவில்லை, நன்றிப் பந்தியை நம்பி எல்லாரும் வெறும் வயிற்றோடு இருந்தார்கள். வெந்த கறியின் வாசனை எல்லாருடைய மூக்கிலும் ஏறியது, அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கடப்பாரை கனத்தது, கீழே வைத்தார்கள். கீழே வைத்த பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. முதலில் பெண்கள் போனார்கள், அப்புறம் பின்வரிசைக்காரர்கள், அப்புறம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இளவட்டங்கள். டிராக்டர் திரும்பிப் போகிறபோது நாலைந்து பேர் அதில் தொற்றிக்கொண்டார்கள். யாரும் திரும்பி வரவில்லை. கோபம் ஒரு வேளைச் சோற்றைத் தாண்டி நிற்கிற வஸ்து இல்லை போலிருக்கிறது.

ஆவுடைநாயகம் மட்டும் நின்றார். முறையைச் சொன்னவர் முறை முடியும்வரை நிற்க வேண்டும். அறுபது முடிந்த உடம்பு. வெயில் நெற்றிப் பொட்டில் இறங்கியது. பிள்ளை எதிரே ஒரு பருக்கையைத் தேடிக்கொண்டிருந்தார், வயிறு வீங்கி, கண் செருகி, வேர்த்து, இதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் செத்துப்போவார் என்று தோன்றியது. ஆனாலும் வைத்தார்.

"எவ்வளவு நேரம்வே சாப்பிடுவீரு?" என்று ஆவுடைநாயகம் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை.

"உமக்கு எவ்வளவு நேரம் நிக்க முடியுமோ அவ்வளவு நேரம்."

"பேத்திக்கு இனிமே வலிப்பு வராதாவே? உமையாளுக்கு?"

பிள்ளை மென்றதை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "தலைக்குள்ள போனதுக்கு ஆஸ்பத்திரியில மருந்து தரணும். புதுசா ஒண்ணு போகாது. அது மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

ஆவுடைநாயகம் தலையை ஆட்டினார். ஆட்டிய தலை நிற்காமல் ஆடியது, கால் மடங்கியது. முப்பிடாதி பாய்ந்து வந்து அவரைத் தாங்கிச் சாக்கின் ஓரத்தில் உட்கார வைத்தாள். இரண்டு பேருக்கும் இடையில் இலை இருந்தது. அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. யாரைப் பார்த்தும் சொல்லாமல், ஓடையைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் தண்ணி."

முப்பிடாதி உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "கொதிக்க வச்சு ஆத்துனதுதான்" என்றாள். "பயப்படாண்டாம்."

ஆவுடைநாயகம் செம்பை வாங்கினார். வழக்கப்படி உதடு படாமல் அண்ணாந்துதான் ஊற்றப் பார்த்தார். தண்ணீர் மீசையிலும் மாரிலும் சிந்தியது. இரண்டாம் தரமும் சிந்தியது. அப்புறம் செம்பின் விளிம்பில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடி தெரிகிறவரை குடித்தார்.

பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக இலையை மடித்தார்.